ஏன் அந்த ட்ரேக் விழவில்லை?

கேள்வி



நாங்க சாய்ந்தமருதில அஞ்சு கூட்டாளிமார். ஏ.எல். எழுதிட்டு ரிசல்ட்டைப் பாத்துக் கொண்டிருக்கிறம். இஷாவுக்குப் பிறகு ஈவ் ஒன்லைன் விளையாடுவம். எல்லாருக்கும் காசு கட்டாத அல்ஃபா கணக்குத்தான். போன கிழமை லோ-செக்ல, ஒரு விண்கல் பெல்ட்டுல தனியா நிண்ட ட்ரேக் கப்பல் ஒண்டைப் புடிச்சம். எங்கட பக்கம் ரெண்டு ரப்ச்சர், ஒரு தோரக்ஸ், ரெண்டு ரிஃப்டர். அஞ்சுக்கு ஒண்டு, லேசா முடிச்சிரலாம் எண்டு நெனைச்சம். ரிஃப்டர் ரெண்டும் போன உடனேயே வெடிச்சிட்டு. மிச்ச மூணு பேரும் சுட்டுச் சுட்டு ஷீல்டை மூணுல ஒரு பங்கு வரைக்கும் கொண்டு வந்தம். அதுக்குக் கீழ இறங்கவே இல்ல, அங்கேயே நிண்டுட்டு. கடைசில ஒரு ரப்ச்சர் மட்டும்தான் தப்பி வந்திச்சி.

ஒரு கூட்டாளி பழைய யூடியூப் வீடியோ ஒண்டைக் காட்டி, ட்ரேக்கை ஆராலயும் ஒண்டும் செய்யேலா எண்டு சொல்றான். இன்னொருத்தன் நம்மட பிங் 200க்கு மேல, லண்டன் சேர்வரோட எப்படி ஏலும் எண்டு கேக்கிறான். சண்டை லொக்கை இதோட அனுப்பியிருக்கன். பிழை எங்க? நாங்க அஞ்சு பேரும் ட்ரேக்குக்கு மாறுறதா?

பதில்



லொக்கை வரி வரியாகப் பார்த்தேன். அந்த ட்ரேக்கை உங்களிடமிருந்த அதே ஐந்து கப்பலாலும் வீழ்த்தியிருக்கலாம். மிக நெருங்கி வந்து விட்டிருக்கிறீர்கள். எவ்வளவு நெருங்கினீர்கள் என்பதைக் கணக்கோடு காட்டுகிறேன். அதற்கு முன்னால் பிங் கதையை முடித்துவிடுவோம். நம் பகுதியில் எந்த ஒன்லைன் விளையாட்டில் தோற்றாலும் பழி முதலில் அதன் மேல்தான் விழுகிறது.

ஃப்ரீ ஃபயரிலோ பப்ஜியிலோ 200 மில்லிசெக்கன் பிந்தினால் ஆள் போய்விடும், உண்மை. ஈவ் அப்படிக் கட்டப்பட்ட விளையாட்டு அல்ல. ஐஸ்லாந்தின் சிசிபி நிறுவனம் 2003 மே மாதம் வெளியிட்ட இதில், சீனாவுக்கென்று இருக்கும் தனிச் சேர்வரை விட்டால், உலகம் முழுக்க உள்ளவர்கள் ட்ராங்குவிலிட்டி என்ற ஒரே சேர்வரில்தான் கூடுகிறார்கள். அந்தச் சேர்வர் கப்பல்களின் நகர்வைச் செக்கனுக்கு ஒரு தடவைதான் கணக்கிடுகிறது. உங்கள் கட்டளை 50 மில்லிசெக்கனில் போய்ச் சேர்ந்தாலும் 250இல் போய்ச் சேர்ந்தாலும் பெரும்பாலும் அதே செக்கனின் கணக்கில்தான் விழும். ஆட்கள் அதிகமாகக் கூடினால் சேர்வரே நேரத்தை மெதுவாக்கிவிடும். 2014 ஜனவரி 27, 28ஆம் திகதிகளில் பி-ஆர்5ஆர்பி என்ற தொகுதியில் நடந்த யுத்தத்தில் விளையாட்டின் மிகப் பெரிய கப்பல்களான டைட்டன்கள் 75 அழிந்தன. அன்று விளையாட்டின் கடிகாரம் வழமையான வேகத்தில் பத்தில் ஒரு பங்குக்கு இறங்கியது. சண்டை 21 மணித்தியாலம் இழுத்தது. அப்படி ஒரு சண்டையில் லண்டனில் இருப்பவருக்கும் சாய்ந்தமருதில் இருப்பவருக்கும் விரல் வேகத்தில் என்ன வித்தியாசம்?

நீங்கள் பயப்பட வேண்டியது லைன் அறுவதற்கு. கரண்ட் போய் இணைப்பு விழுந்தால் கப்பல் தானாகவே அவ்விடத்தை விட்டுத் தாவப் பார்க்கும். ஆனால் எதிரி உங்களை ஸ்க்ராம் என்ற தடுப்புக் கருவியில் பிடித்து வைத்திருந்தால் தாவ முடியாது. சண்டையில் இருந்த கப்பல் 15 நிமிடம் விண்வெளியிலேயே நிற்கும், ஆள் இல்லாமல். ரௌட்டருக்கு ஒரு சின்ன பெட்டரி பேக்கப் வாங்குங்கள். பிங்கைக் குறைக்கச் செலவழிப்பதை விட அது பிரயோசனம்.

அடுத்தது அந்த வீடியோ. உங்கள் கூட்டாளி பொய் சொல்லவில்லை, காலம்தான் மாறிவிட்டது. ட்ரேக் 2006 நவம்பரில் வெளிவந்த ரெவலேஷன்ஸ் பதிப்போடு வந்தது. கல்டாரி இனத்தின் பெட்டில்குரூஸர். மலிவு, பழகுவதற்கு லேசு, தடித்த ஷீல்ட், தூரத்துக்கு அடிக்கும் கனரக ஏவுகணை. புதிதாக வந்த பிள்ளைகளை ட்ரேக்கில் ஏற்றி நூற்றுக்கணக்கில் கொண்டுபோய் நிறுத்துவார்கள். அந்தக் கூட்டத்தைப் பார்த்தாலே பெரிய கூட்டணிகளும் பாதை மாறிப் போகும். 2012 டிசம்பரில் ரெட்ரிபியூஷன் பதிப்பில் கனரக ஏவுகணையின் அடியையும் தூரத்தையும் வெட்டினார்கள். அடுத்த வருடம் ட்ரேக்கின் ஷீல்ட் தடுப்புக்குக் கிடைத்த போனஸை ஒரு லெவலுக்கு 5 சதவீதத்திலிருந்து 4 ஆக்கினார்கள். அதற்கு முந்திய வீடியோக்களில் நீங்கள் பார்ப்பது வேறு கப்பல். இன்றைய ட்ரேக் நல்ல கப்பல்தான், எதிர்க்க முடியாத கப்பல் அல்ல.

இனி ஷீல்டுக்கு வருவோம். உங்கள் கேள்வியில் உள்ள மிக முக்கியமான தகவலை நீங்களே கவனிக்கவில்லை: மூன்றில் ஒரு பங்கில் வந்து நின்றது என்கிறீர்கள்.

ஈவில் ஷீல்ட் தானாகவே நிரம்பும், ஆனால் ஒரே வேகத்தில் நிரம்பாது. முழுதாக இருக்கும்போது நிரம்பும் வேகம் பூச்சியம். அடிபட்டுக் குறையக் குறைய வேகம் கூடிக்கொண்டே போய், 25 சதவீதத்தில் உச்சத்தைத் தொடும். அதற்குக் கீழே திரும்பவும் விழத் தொடங்கும். உச்சத்தில் உள்ள வேகம் சராசரியின் இரண்டரை மடங்கு. ட்ரேக் ஓட்டுபவர்களில் பலர் இந்த ஒரு விதியை நம்பித்தான் கப்பலைக் கட்டுகிறார்கள். நிரம்பும் வேகத்தைக் கூட்டும் பாகங்களைப் பூட்டிவிட்டு, ஷீல்ட் கால்வாசிக்கு வரும் வரைக்கும் பதறாமல் இருப்பார்கள்.

உதாரணத்துக்கு ஒரு ட்ரேக்கின் ஷீல்ட் 15,000, முழுதாக நிரம்ப எடுக்கும் நேரம் 500 செக்கன் என்று வையுங்கள். சராசரியாகச் செக்கனுக்கு 30 நிரம்பும், உச்சத்தில் 75. அதன் தடுப்பு உங்கள் அடியில் 60 சதவீதத்தைத் தின்கிறது என்றால், அந்த 75ஐ முறியடிக்க நீங்கள் செக்கனுக்கு 188 அடிக்க வேண்டும். 180 அடித்தால் சுபஹ் வரைக்கும் சுட்டாலும் ஷீல்ட் ஓரிடத்தில் நிற்கும். 200 அடித்தால் மெல்ல 25ஐத் தாண்டும். தாண்டிய பிறகு நிரம்பும் வேகமும் குறைந்துகொண்டே போவதால் மிச்சம் மளமளவென்று சரியும். நடுவே வேறு நிலை இல்லை.

உங்கள் ட்ரேக் மூன்றில் ஒரு பங்கில் நின்றது. அந்த இடத்தில் நிரம்பும் வேகம் உச்சத்துக்கு மிகக் கிட்ட, ஏறத்தாழ நூற்றுக்கு 98. அதாவது நீங்கள் மூவரும் அடித்தது அந்தக் கப்பல் தாங்கக்கூடிய அளவின் விளிம்பில் இருந்திருக்கிறது. இன்னும் நூற்றுக்கு ஐந்து கூட அடித்திருந்தால் அது விழுந்திருக்கும். அந்த ஐந்தை எங்கே விட்டீர்கள் என்பது லொக்கில் தெளிவாக இருக்கிறது. ரப்ச்சர் இரண்டும் ஃபியூஷன் குண்டு போட்டுச் சுட்டிருக்கின்றன.

ஃபியூஷனின் அடியில் ஆறில் ஐந்து பங்கு வெடிப்பு வகை. ஷீல்ட் இயல்பாகவே வெடிப்பை 50 சதவீதம் தடுக்கும். மின்காந்த வகையை ஒன்றுமே தடுக்காது. ட்ரேக்கின் போனஸை முழுதாகச் சேர்த்தால் வெடிப்புக்கு 60, கைனெட்டிக்குக்கு 52, வெப்பத்துக்கு 36, மின்காந்தத்துக்கு வெறும் 20. இதன்படி 12 அலகு ஃபியூஷன் அடியில் உள்ளே போவது 5. அதே துப்பாக்கியில் அதே 12 அலகு ஈஎம்பி குண்டு போட்டால் உள்ளே போவது எட்டரை. ட்ரேக்காரர்களுக்கும் இந்த ஓட்டை தெரியும். மின்காந்தத்துக்கென்று தடுப்பு ஒன்றைப் பூட்டித்தான் வருவார்கள். அப்படிப் பூட்டினால் ஈஎம்பிக்கும் ஃபியூஷனுக்கும் உள்ள வித்தியாசம் வெகுவாகக் குறையும். குண்டை மாற்ற 10 செக்கன் பிடிக்கும், ஆகவே சண்டைக்கு முன்னரே மாற்றி வையுங்கள். ட்ரேக்கைக் கண்டால் ஈஎம்பி. கவசத்தை நம்பும் கப்பலைக் கண்டால் ஃபியூஷனைப் பற்றி யோசிக்கலாம்.

தோரக்ஸ் ஓட்டிய தம்பியின் பிளாஸ்டர் வெப்பமும் கைனெட்டிக்கும் கலந்து அடிக்கும், அதை மாற்ற ஏலாது. ஆனால் அவருடைய ட்ரோன்களை மாற்றலாம். இன்ஃபில்ட்ரேட்டர், அக்கொலைட் என்ற இரண்டும் மின்காந்த அடி அடிப்பவை. அவற்றைத்தான் ஏற்ற வேண்டும்.

இன்னொன்றையும் லொக்கில் கண்டேன். முதல் ரப்ச்சர் சுடத் தொடங்கி நன்றாகப் பிந்தித்தான் மற்றது தொடங்கியிருக்கிறது. தோரக்ஸ் அதற்கும் பிறகு. சாதாரணக் கப்பலுக்கு எதிரே இது பெரிய விஷயம் இல்லை. தானாக நிரம்பும் ஷீல்டுக்கு எதிரே ஒருவர் ஒருவராகச் சுடுவது ஓட்டை வாளியில் தண்ணீர் அள்ளுவதற்குச் சமன். மூவரும் தூரத்துக்குள் வந்த பிறகு ஒரே சொல்லில் தொடங்குங்கள்.

ரிஃப்டர்கள் ஏன் உடனே வெடித்தன? இதை நின்று விளங்கிக்கொள்ளுங்கள், ட்ரேக்குக்கு மட்டுமில்லை, எல்லா ஏவுகணைக் கப்பலுக்கும் இதுதான் கணக்கு.

துப்பாக்கி குறி தவறும். ஏவுகணை தவறாது, தூரத்துக்குள் இருந்தால் வந்து சேரும். ஆனால் எவ்வளவு அடிக்கும் என்பதை உங்கள் கப்பலின் உருவ அளவும் வேகமும் தீர்மானிக்கின்றன. உருவ அளவை விளையாட்டில் சிக்னேச்சர் என்பார்கள். ரிஃப்டர் போன்ற ஃப்ரிகேட்டுக்கு அது 35, 40 மீற்றர் அளவில் இருக்கும். கனரக ஏவுகணையின் வெடிப்பு வட்டம் அதைப் போல மூன்று நான்கு மடங்கு. பாரைக்குப் போடும் பெரிய கண் வலையில் நெத்தலி நிற்குமா? ரிஃப்டர் அசையாமல் நின்றாலும் ஏவுகணையின் அடியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் அதன் மேல் விழும். வேகமாகப் போனால் அதிலும் குறையும்.

உங்கள் ரிஃப்டர் இரண்டிலும் மைக்ரோவோர்ப் டிரைவ் பூட்டியிருக்கிறீர்கள். அது வேகத்தை ஐந்தாறு மடங்கு கூட்டும். சிக்னேச்சரையும் ஆறு மடங்காக்கிவிடும். ஏவுகணைக் கணக்கில் இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும், வேகத்தால் கிடைத்த லாபம் மிஞ்சாது. அதை விட மோசமானது தொடக்கம். லொக்கின்படி பெல்ட்டில் வந்து இறங்கியவுடன், கப்பல் இன்னும் வேகம் எடுக்காத நிலையில், இருவரும் அதை அழுத்தியிருக்கிறார்கள். அந்த முதல் சில செக்கன்களில் உருவம் ஆறு மடங்கு, வேகமோ ஒன்றும் இல்லை. ட்ரேக்கின் ஏவுகணைகள் முழு அடியையும் இறக்கிவிட்டன.

ஆஃப்டர்பேர்னர் வேகத்தைக் குறைவாகத்தான் கூட்டும், ஆனால் சிக்னேச்சரைத் தொடாது. ட்ரேக்கைப் பிடிக்கப் போகும் ரிஃப்டருக்கு அதுதான் சரி. கிட்டப் போய் ஸ்க்ராம் போட்டு, ஆஃப்டர்பேர்னரை நிறுத்தாமல் சுற்றிக்கொண்டே இருந்தால் கனரக ஏவுகணையால் அந்த ரிஃப்டரைச் சுலபமாகக் கொல்ல முடியாது. ஸ்க்ராமின் தூரம் சாதாரண வகைக்கு 7.5 கிலோமீற்றர், மேம்பட்ட டெக் 2 வகைக்கு 9.

ரிஃப்டருக்கு மெய்யான ஆபத்து ட்ரேக்கின் ட்ரோன்கள். ஐந்து சின்ன ட்ரோன்களை அது ஒரே நேரத்தில் விடும். அவற்றுக்கு சிக்னேச்சர் கணக்கெல்லாம் பெரிய தடை இல்லை. ஆகவே ஒரு ரிஃப்டர் பிடித்து வைத்திருக்க, மற்றது ட்ரேக்கைத் திரும்பியும் பார்க்காமல் ட்ரோன்களைச் சுட்டுத் தீர்க்க வேண்டும். ட்ரோன் முடிந்தால் ட்ரேக்கிடம் சின்னக் கப்பலை அடிக்க ஒழுங்கான ஆயுதம் இல்லை.

ஏவுகணையின் பெயரையும் வாசிக்கப் பழகுங்கள். லொக்கில் ஸ்கேர்ஜ் என்று இருந்தால் கைனெட்டிக், இன்ஃபேர்னோ வெப்பம், மியோல்னிர் மின்காந்தம், நோவா வெடிப்பு. ட்ரேக்குக்குக் கைனெட்டிக்கில்தான் போனஸ் அதிகம், ஆகவே உங்கள் மேல் விழுந்தது போலப் பெரும்பாலும் ஸ்கேர்ஜ்தான் வரும். அதற்கென்று ஒரு தடுப்பை ரப்ச்சரில் பூட்டுவது வீண் போகாது. பெயரில் ‘ஹெவி’ மட்டும் இருந்தால் அது தூரத்துக்கு அடிக்கும் வகை, ஓடித் தப்புவது கஷ்டம், ஒட்டிக்கொள்வதே நல்லது. ‘ஹெவி அசோல்ட்’ என்று இருந்தால் அடி பலமானது, ஆனால் எட்டுவது சுமார் 20 கிலோமீற்றர்தான். அந்த வகை ட்ரேக் பொதுவாக வேகத்தைக் குறைக்கும் வெப்பையும் ஸ்க்ராமையும் பூட்டிக்கொண்டு கிட்ட வருபவரைப் பிடிக்கக் காத்திருக்கும். வெப் எட்டுவது 10 கிலோமீற்றர். தூரத்துக்குச் சுடும் கப்பல் உங்களிடம் இல்லையென்றால் அவனோடு மோதாமல் போய்விடுங்கள், அதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

எதிரியின் மின்சக்தியை உறிஞ்சும் நியூட் பற்றி ஒரு தவறான எண்ணம் பரவியிருக்கிறது. ட்ரேக்கின் ஏவுகணைக்கு மின்சக்தி தேவையில்லை. தானாக நிரம்பும் ஷீல்டுக்கும் தேவையில்லை. அதனால் ட்ரேக்குக்கு நியூட் போட்டுப் பலனில்லை என்பார்கள். ஆனால் அதன் ஸ்க்ராம், வெப், ஓட்ட இயந்திரம், மின்சாரத்தில் இயங்கும் ஷீல்ட் தடுப்பு எல்லாம் மின்சக்தியில் ஓடுபவை. நியூட் அவற்றை அணைக்கும். ரப்ச்சரில் துப்பாக்கி போக மிஞ்சும் இடத்தில் ஒரு நியூட் பூட்டுங்கள். வெல்லும் சண்டையில் அது தடுப்பைக் குறைக்கும். தோற்கும் சண்டையில் ட்ரேக்கின் ஸ்க்ராமை அணைத்து உங்களில் ஒருவரையாவது வீட்டுக்கு அனுப்பும்.

அந்த ட்ரேக் ஏன் பெல்ட்டில் தனியாக நின்றது என்று யாராவது கேட்டீர்களா? ஐந்து பேர் வருவது டிரெக்‌ஷனல் ஸ்கேனரில் அவனுக்கும் தெரிந்திருக்கும், அது 14.3 வானியல் அலகு தூரம் வரைக்கும் காட்டும். தெரிந்தும் ஓடாத ட்ரேக் இரண்டில் ஒன்று. ஒன்றும் தெரியாத புதியவன், அல்லது தன் ஷீல்டின் கணக்கை அறிந்தவன். இரண்டாவது ஆள் என்றால் பக்கத்துத் தொகுதியில் கூட்டாளிகளை வைத்திருக்கவும் கூடும். தாவுவதற்கு முன் அவனுடைய பெயரை ஸீகில்போர்ட் தளத்தில் தேடுங்கள். அவன் முன்பு இழந்த ட்ரேக் ஏதாவது இருந்தால், அதில் பூட்டியிருந்த பாகம் ஒவ்வொன்றும் அங்கே இருக்கும். பலர் ஒரே மாதிரிதான் திரும்பத் திரும்பப் பூட்டுவார்கள். யாரோடு சேர்ந்து சண்டை பிடிக்கிறான் என்பதும் தெரிந்துவிடும். ஒரு நிமிட வேலை, ஐந்து கப்பலை மிச்சம் பிடிக்கும்.

நேரத்தையும் பாருங்கள். விளையாட்டின் கடிகாரம் நம்முடையதை விட ஐந்தரை மணித்தியாலம் பின்னால். தினமும் அதன்படி 11 மணிக்கு, நமக்குப் பிற்பகல் 4.30க்கு, சேர்வரைச் சிறிது நேரம் மூடுவார்கள். ஐரோப்பியர்கள் வேலை முடிந்து கூட்டமாக உள்ளே வரும் நேரம் நமக்கு இரவு 11.30ஐத் தாண்டும். அந்த நேரத்தில் தனியாக நிற்கும் ட்ரேக்குக்குப் பின்னால் ஆட்கள் இருக்கும் வாய்ப்பு மிக அதிகம். இஷாவுக்குப் பிறகு ஆடுவதாகச் சொன்னீர்கள். 11 மணியோடு சண்டைகளை நிறுத்திக்கொள்ளுங்கள். சுபஹுத் தொழுகைக்கும் எழும்பலாம்.

கடைசியாக, ஐவரும் ட்ரேக்குக்கு மாறுவதா என்று கேட்டீர்கள். அல்ஃபா கணக்கிலும் பெட்டில்குரூஸர் ஓட்டலாம், ஆகவே தடையில்லை. ஆனால் மாறாதீர்கள். ஐந்து ட்ரேக் சேர்ந்தால் யாரையும் துரத்திப் பிடிக்க முடியாது. சின்னக் கப்பல்களெல்லாம் உங்களைச் சுற்றி விளையாடும். ஃபெக்‌ஷன் வோர்ஃபெயர் என்ற பேரரசுகளின் போரில் சேர்ந்தீர்கள் என்றால் அங்குள்ள சின்னக் களங்களின் வாசலுக்குள் ட்ரேக் நுழையவே முடியாது, ரிஃப்டர் நுழையும். தோரக்ஸ் ஓட்டுபவருக்கு விருப்பம் என்றால் அவர் மட்டும் ட்ரேக்குக்கு மாறட்டும். எதிரியின் அடி முழுக்க அதன் மேல் விழும், ரப்ச்சர் இரண்டும் நிம்மதியாகச் சுடும். கால்வாசி ஷீல்டில் ட்ரேக்கை வைத்துக்கொண்டு இருப்பது எவ்வளவு பதற்றம், எந்த இடத்தில் ஓட வேண்டும் என்பதெல்லாம் அதை ஓட்டியவருக்குத்தான் தெரியும். பிறகு எதிரியின் ட்ரேக்கைப் பார்க்கும்போது அவர் உங்கள் நால்வருக்கும் சொல்லித் தருவார்.

ரிஃப்டர் ஓட்டும் இருவரும் இன்றைக்கே ஆஃப்டர்பேர்னருக்கு மாறட்டும். ரப்ச்சர்காரர்கள் ஈஎம்பி வாங்கி ஏற்றட்டும். அடுத்த சண்டையின் லொக்கையும் அனுப்புங்கள், வென்றாலும் தோற்றாலும். ட்ரேக்கின் ஷீல்ட் எத்தனை சதவீதத்தில் நின்றது என்பதை மறக்காமல் குறித்து வையுங்கள்.